அப்ளைடு ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸில் என்ன படிக்கிறார்கள்? மொரிஷியஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதி நிறுவனங்கள் நிறைந்த எபேனில், ஃபண்ட் நிர்வாகம் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் சேர்ந்து இந்தப் பட்டத்தை முடித்தேன். அன்று முதல் கோயில் பந்தியிலும் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். இங்கே இருப்பது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

"அண்ணா, ஷேர் வாங்கி விக்கிறதுக்கா இவ்வளவு படிக்கிறாங்க?"

ஷேர் அதில் ஒரு மூலை. கடலோரத்தில் ஹோட்டல் கட்டக் கடன் வாங்கலாமா, பங்கு விற்றுப் பணம் திரட்டலாமா? அந்தக் கடனை வங்கி என்ன வட்டிக்குக் கொடுக்கலாம்? பென்ஷன் பணத்தை எங்கெங்கே பிரித்துப் போடுவது? யூரோவில் வரும் வருமானம் ரூபாயாக மாறும்போது கரையாமல் எப்படிக் காப்பது? இப்படிப்பட்ட முடிவுகளை எண்ணாக்கிப் பார்க்கவும், அந்த எண் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று எழுதிக் காட்டவும் பழக்குகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கஷ்டம், அதுதான் இந்தப் படிப்பின் உயிர்.

பாடங்கள் என்று பார்த்தால் கார்ப்பரேட் ஃபைனான்ஸ், முதலீடும் போர்ட்ஃபோலியோவும், கடன் பத்திரங்கள் (பான்ட்), டெரிவேட்டிவ்ஸ் (வேறொன்றின் விலையைச் சார்ந்து நிற்கும் ஒப்பந்தங்கள்), ரிஸ்க் மேனேஜ்மென்ட், நிதி அறிக்கை ஆய்வு, ஈகோனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராய்வது), ஒழுங்குமுறைச் சட்டம். கடைசியில் ஓர் ஆய்வேடு. முழுநேரம் என்றால் பெரும்பாலும் ஒரு வருடம், பகுதிநேரம் என்றால் இரண்டு.

"தம்பி, என் பொண்ணு ஏற்கனவே ஏசிசிஏ படிக்கிறா. ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை அம்மா. ஏசிசிஏ கணக்காளர்களுக்கான தகுதித் தேர்வு. கணக்கியல் நடந்து முடிந்ததைச் சரியாகப் பதிவு செய்யும், சரிபார்க்கும். ஃபைனான்ஸ் இனி வரப்போவதற்கு இன்று என்ன விலை என்று கேட்கும். ஏசிசிஏ படித்தவர்களுக்கு நிதி அறிக்கைப் பாடம் தண்ணீர்பட்ட பாடு. அவர்கள் திணறுவது புள்ளியியலில்.

இரண்டும் சந்திக்கும் இடமும் உண்டு. 2018 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி, கடன் வாராக்கடன் ஆகும்வரை வங்கி காத்திருக்கக் கூடாது. எதிர்பார்க்கும் நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கில் ஒதுக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் கடன், ஒரு வருடத்தில் தவறும் வாய்ப்பு 2 சதவீதம், தவறினால் 40 சதவீதம் திரும்பாது என்று வைத்தால் ஒதுக்க வேண்டியது 8,000 ரூபாய். அந்த 2 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதை மாடல் போட்டுச் சொல்பவர் ஃபைனான்ஸ் படித்தவர். அந்த 8,000 ரூபாயை ஏட்டில் ஏற்றுபவர் உங்கள் பெண்.

"எம்பிஏ படிச்சா போதாதா?"

நிர்வாகம் பார்க்கப் போகிறவருக்குப் போதும். எம்பிஏவில் ஃபைனான்ஸ் ஒன்றிரண்டு பாடம்தான். மார்க்கெட்டிங், மனிதவளம், உத்தி எல்லாம் கூடவே வரும். பத்திரத்துக்கு விலை போட வேண்டிய வேலைக்கு அது பற்றாது.

"கணக்கு எவ்வளவு வேணும்? எச்எஸ்சியில மேத்ஸ் எடுக்கல..."

எச்எஸ்சியில் கணக்கை முக்கியப் பாடமாக எடுத்தவருக்கு இங்கே அதிர்ச்சி எதுவும் இல்லை. இயற்கணிதம், மடக்கை, அடிப்படை வகைக்கெழு, நிகழ்தகவு, நார்மல் பரவல், கொஞ்சம் மேட்ரிக்ஸ், அவ்வளவுதான். ஆப்ஷனுக்கு (ஒரு பங்கைக் குறித்த விலையில் பிற்பாடு வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலை போடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் 1973-ல் வெளிவந்தது. அதை இங்கே பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள், எங்கே உடையும் என்றும் காட்டுவார்கள். அதை முதலிலிருந்து நிறுவ வேண்டும் என்றால் அது ஃபைனான்ஷியல் மேத்ஸ் என்ற வேறு பட்டம்.

கணக்கை எஸ்சி (ஸ்கூல் சர்டிஃபிகேட்) தேர்வோடு விட்டவர்கள் சேருவதற்கு முந்தைய சில மாதங்களில் நிகழ்தகவை மட்டுமாவது புரட்டிவிட்டு வாருங்கள். முதல் மாதத்திலேயே அதன் மேல்தான் எல்லாம் கட்டுகிறார்கள்.

"இங்கிலீஷ்ல தானே எல்லாம்? வகுப்புல கிரியோல் பேசுவாங்களா?"

பாடம், தேர்வு, ஆய்வேடு எல்லாம் ஆங்கிலம். இடைவேளையில் கிரியோல். வீட்டில் சித்தப்பா "பான்ட்னா என்னடா" என்று கேட்கும்போது தமிழ். அவருக்குப் புரியவைக்க முடிந்தால் பாடம் நமக்கும் புரிந்துவிட்டது என்று தைரியமாகத் தேர்வுக்குப் போகலாம்.

"யூனிவர்சிட்டி இலவசம்னு சொன்னாங்களே, இதுக்குமா?"

2019-ல் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்பு வரை கட்டணம் நீக்கப்பட்டது. மாஸ்டர்ஸ் அதில் சேராது, கட்டணம் உண்டு. சில முதலாளிகள் பாதி கட்டுகிறார்கள், பதிலுக்கு இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை முழுக்கப் படியுங்கள்.

"வேலைக்குப் போய்க்கிட்டே படிக்க முடியுமா?"

முடியும். மாலை வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் அதற்காகவே. 2023 ஜனவரியிலிருந்து மெட்ரோ ரோஸ்ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுயி வரை ஓடுகிறது, அலுவலகத்திலிருந்து வகுப்புக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பயணத்தைவிடக் குழு அசைன்மென்ட்தான் பாடாய்ப் படுத்தும். நான்கு பேர், நான்கு அலுவலகம், நாலு பேருக்கும் ஒத்துவரும் ஒரே நேரம் ஞாயிறு இரவு.

"முதல் பாடத்துலயே தலை சுத்துதுன்னு சொல்றாங்க, அப்படி என்ன இருக்கு?"

பணத்துக்குக் காலம் உண்டு என்பதுதான் முதல் பாடம். புத்தகம் அமெரிக்க வீட்டுக்கடனை வைத்து விளக்கும். நமக்குச் சீட்டே போதும்.

பத்து பேர், மாதம் 5,000 ரூபாய், ஏலம் கிடையாது, குலுக்கலில் பெயர் வந்தவருக்கு 50,000. எல்லாரும் 50,000 கட்டி 50,000 எடுக்கிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும். மாதம் அரை சதவீதம் வட்டி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பத்தாவது மாதம் எடுப்பவர் அதே பணத்தை மாதாமாதம் வங்கியில் போட்டிருந்தால், கடைசித் தவணை கட்டும் அன்று 51,140 ரூபாய் இருக்கும். அவருக்கு 1,140 குறைவு. முதல் மாதமே எடுப்பவர் கட்டப்போகும் பத்துத் தவணைகளின் இன்றைய மதிப்பு 48,895 தான். அவர் கைக்கு 50,000 வந்துவிட்டது, 1,105 லாபம். ஆக, கடைசி ஆள் முதல் ஆளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார்.

ஏலச் சீட்டில் தள்ளுபடி ஏன் வருகிறது என்பது இப்போது விளங்கும். அதே கணக்குதான் பத்திர விலை, அதே கணக்குதான் கம்பெனி மதிப்பீடு. தலை சுற்றுவது எக்செல்லில் எந்த மாதத்திலிருந்து தள்ளுபடி செய்வது (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைப்பது) என்று தடுமாறும்போதுதான். தவணை மாதத் தொடக்கத்திலா முடிவிலா என்பதை முதலில் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஈகோனோமெட்ரிக்ஸ்னு கேட்டாலே பயமா இருக்கு அக்கா, அண்ணா, யாராவது சொல்லுங்க. அது இல்லாம முடிக்க முடியாதா?"

முடியாது, முடிந்தாலும் முடிக்கக் கூடாது என்பேன். மொரிஷியஸுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையும் எங்கள் பங்குச் சந்தையின் செம்டெக்ஸ் குறியீடும் பல வருடங்கள் மேலே ஏறின. இரண்டையும் அப்படியே எடுத்து ரிக்ரெஷன் (ஒன்றை வைத்து மற்றதை விளக்கும் புள்ளியியல் கணக்கு) போட்டால் அற்புதமான பொருத்தம் வரும். மேலே ஏறும் எந்த இரண்டு தொடரை எடுத்தாலும் அப்படித்தான் வரும்! கிரேஞ்சர், நியூபோல்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974-ல் இதைத்தான் காட்டினார்கள். அளவுகளை விட்டு மாற்றங்களை எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது இரண்டும் நீண்டகாலத்தில் உண்மையிலேயே சேர்ந்து நகர்கின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டதும் பயணிகள் வரத்து ஏறத்தாழ நின்றே போனது. முழுதாகத் திறந்தது 2021 அக்டோபர் 1 அன்று. அந்த மாதங்களை மற்ற மாதங்களோடு கலந்து மாடல் போட்டால் பதில் குப்பைதான். இந்த மாதிரி பொறிகளைக் கண்டுபிடிக்கத்தான் ஈகோனோமெட்ரிக்ஸ். ஸ்டேட்டா, ஈவியூஸ், ஆர், பைத்தான், எந்த மென்பொருளில் கற்றுக்கொடுத்தாலும் சரி. பட்டனை அழுத்துவது ஒரு வாரத்தில் வந்துவிடும்.

"புத்தகத்துல எல்லாமே அமெரிக்கா. நம்ம சின்னச் சந்தைக்கு அது பொருந்துமா?"

வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் கேட்பவர் குறைவு. எங்கள் பங்குச் சந்தை 1989 ஜூலை 5 அன்று வணிகத்தைத் தொடங்கியது. செம்டெக்ஸ் 100 புள்ளியில் தொடங்கியதும் அந்த நாளில்தான். அதில் எம்சிபி வங்கிக் குழுமத்தின் எடை மிகப் பெரிது. "சந்தை ஏறியது" என்று சொல்லும்போது பாதி நேரம் ஒரு வங்கியின் பங்கு ஏறியது என்றுதான் அர்த்தம். இன்னொரு பக்கம், பல நாட்கள் கைமாறாமலே கிடக்கும் பங்குகளும் உண்டு.

இதனால் என்ன கெடும்? ஒரு பங்கு சந்தையோடு எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பீட்டா என்ற எண்ணால் அளக்கிறோம். திங்கட்கிழமை சந்தை சரிகிறது. நம் பங்கை யாரும் விற்கவில்லை, அதனால் பழைய விலையே நிற்கிறது. வியாழக்கிழமை ஒருவர் விற்கிறார், அன்றுதான் சரிவு தெரிகிறது. தினசரித் தரவை வைத்துக் கணக்கிட்டால் பங்கும் சந்தையும் சம்பந்தமே இல்லாத மாதிரி பீட்டா குறைவாக வரும். ரிஸ்க் இல்லாத வட்டி 4 சதவீதம், சந்தைக்கான கூடுதல் எதிர்பார்ப்பு 6 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் கூடுதலைப் பீட்டாவால் பெருக்கி வட்டியோடு சேர்க்க வேண்டும். பீட்டா 0.4 என்றால் எதிர்பார்க்க வேண்டிய வருமானம் 6.4 சதவீதம், உண்மையான பீட்டா 0.9 என்றால் 9.4. வருடம் 10 ரூபாய் டிவிடெண்ட் மாறாமல் தரும் பங்குக்கு, டிவிடெண்டை அந்த வருமானத்தால் வகுத்தால், முதல் கணக்கில் 156 ரூபாய் விலை, இரண்டாவதில் 106. ஒரே கம்பெனி, ஐம்பது ரூபாய் வித்தியாசம்.

இதற்கு மருந்தும் உண்டு. வாராந்திர, மாதாந்திர விலைகளை எடுக்கலாம். அல்லது டிம்சன் என்ற ஆய்வாளர் 1979-ல் சொன்னபடி, முந்தைய நாட்களின் சந்தை வருமானத்தையும் பிந்தைய நாட்களுடையதையும் சேர்த்து ரிக்ரெஷன் போட்டு, வரும் எண்களைக் கூட்டலாம். அமெரிக்கப் பெரிய பங்குகளை மட்டும் பார்த்தவருக்கு இது தேவைப்படாது, போர்ட் லூயியில் விலை போடுபவருக்குக் கட்டாயம் தேவைப்படும்.

"இங்க ஆப்ஷன் வாங்கி விக்கிறவங்க யாரையும் நான் பார்த்ததில்ல. டெரிவேட்டிவ்ஸ் எதுக்கு?"

ஆப்ஷனை விடுங்கள், ஃபார்வர்டைப் பாருங்கள். டி-ஷர்ட் ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு வருமானம் யூரோவில், சம்பளம் ரூபாயில். ஒரு வருடம் கழித்து வரும் யூரோவை இன்றே விலை பேசி வங்கியிடம் விற்றுவிடலாம், அதுதான் ஃபார்வர்டு. எடுத்துக்காட்டாக இன்று ஒரு யூரோ 50 ரூபாய், ரூபாய் வட்டி 4.5 சதவீதம், யூரோ வட்டி 2 சதவீதம் என்றால் நியாயமான ஃபார்வர்டு விலை 51.23. வங்கி ரூபாய் விழும் என்று ஜோசியம் பார்த்து 51.23 சொல்லவில்லை. வட்டி வித்தியாசம் தவிர அந்த எண்ணில் வேறொன்றும் இல்லை. வங்கி 50.40 கொடுக்கிறது என்றால் பேரம் பேச உங்களுக்கு இப்போது ஆதாரம் இருக்கிறது.

"ரிஸ்க் மேனேஜ்மென்ட்னா நஷ்டமே வராம பார்த்துக்கறதா?"

நஷ்டம் வந்தால் தாங்குமா என்று முன்பே பார்த்துவைப்பது. 'ஒரு நாள், 95 சதவீதம், 2 லட்சம் ரூபாய்' என்று ரிஸ்க் அறிக்கை சொன்னால், சராசரியாக இருபது வணிக நாட்களில் ஒரு நாள் நஷ்டம் 2 லட்சத்துக்கு மேல் போகும் என்று பொருள். அந்த ஒரு நாளில் எவ்வளவு போகும் என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. பலர் தேர்வில் கோட்டைவிடும் இடம் இது.

2023 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டதை வகுப்புகளில் அலசுகிறார்கள். அது வாங்கி வைத்திருந்த நீண்டகாலப் பத்திரங்களில் பெரும்பகுதி அரசு சம்பந்தப்பட்டவை, பணம் வராமல் போகும் ஆபத்து ஏறத்தாழ இல்லை. ஆனால் டியூரேஷன் (வட்டி மாறினால் விலை எவ்வளவு அசையும் என்ற அளவு) 7 உள்ள பத்திரம், வட்டி 1 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 7 சதவீதம் விலை இழக்கும். 2022-ல் வட்டி வேகமாக ஏறியது. டெபாசிட் போட்டவர்கள் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டதும், ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த நஷ்டம் எழுந்து வந்தது.

"சட்டம் எதுக்கு? நாங்க வக்கீலா ஆகப்போறோம்?"

எபேனில் வேலை வேண்டும் என்றால் இந்தப் பாடத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-லேயே வந்துவிட்டது. இருந்தும் 2020 பிப்ரவரியில் பணமோசடித் தடுப்பைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் மொரிஷியஸைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில், வைத்தது. 2021 அக்டோபரில் எடுத்தது. அதற்குப் பிறகு அலுவலகங்களில் விதிகளைப் பின்பற்றுகிறோமா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் மேசைக்குத் தனி மரியாதை. ஒரு கம்பெனியின் பின்னால் இன்னொரு கம்பெனி, அதன் பின்னால் ஒரு டிரஸ்ட் என்று போய், கடைசியில் லாபம் யார் கைக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் அன்றாட வேலை. அதைத் தாண்டாமல் வங்கிக் கணக்கே திறக்க முடியாது.

"இந்தியாவோட வரி ஒப்பந்தத்தை மாத்திட்டாங்களே, இனி இங்க ஃபைனான்ஸ்ல வேலை இருக்குமா?"

1982-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி, மொரிஷியஸ் கம்பெனி இந்தியப் பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இங்கேயும் மூலதன லாப வரி கிடையாது. 2016 மே மாதத் திருத்தத்தால், 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம் என்றானது. வரியை மட்டும் நம்பி வந்த பணம் குறைந்ததென்னவோ உண்மை. ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஃபண்டுகள், ஃபண்ட் கணக்கு, மதிப்பீடு, மேலே சொன்ன கம்ப்ளையன்ஸ், உள்ளூர் வங்கிகள் என்று வேலை நடக்கிறது. காகிதத்தை நகர்த்தும் வேலை சுருங்கும், மதிப்பீட்டைக் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு இடம் இருக்கும் என்பது என் கணிப்பு.

"சிஎஃப்ஏ பண்ணலாமா, மாஸ்டர்ஸ் பண்ணலாமா?"

சிஎஃப்ஏ என்பது முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தகுதி. மூன்று கட்டத் தேர்வு, அதோடு குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேர வேலை அனுபவம். பாடங்களில் பாதிக்கு மேல் ஒன்றுபோல இருக்கும். முதலீட்டு ஆய்வில் வேலை தேடுபவருக்கு சிஎஃப்ஏ எடை அதிகம். தரவை எடுத்துத் தானே ஒரு கேள்வியை ஆராய்ந்து எழுதும் பயிற்சி மாஸ்டர்ஸில்தான். தனியாக உட்கார்ந்து படிக்கும் வழக்கம் இல்லாதவர் மாஸ்டர்ஸில் தொடங்குவது நல்லது.

"ஆய்வேட்டுக்கு நல்ல தலைப்பு சொல்லுங்களேன்"

தலைப்பைத் தேடுமுன் தரவைத் தேடுங்கள். மத்திய வங்கி, பங்குச் சந்தை, ஸ்டாடிஸ்டிக்ஸ் மொரிஷியஸ் மூன்றும் வெளியிடுவதை முதலில் பாருங்கள். டிவிடெண்ட் அறிவிப்பு வந்ததும் பங்கு விலை எத்தனை நாளில் அசைகிறது என்பது நம் சந்தைக்கு நல்ல கேள்வி; கைமாறாத பங்குகளைப் பற்றி மேலே சொன்ன சிக்கல் அதில் நேராக வரும், அதையே ஓர் அத்தியாயமாக்கலாம். 'உலகப் பொருளாதாரத்தில் கிரிப்டோவின் தாக்கம்' மாதிரி தலைப்போடு வருபவர்களை என்னால் காப்பாற்ற முடியாது.

"எங்க மாமா ஒண்ணுமே படிக்காம ஷேர்ல சம்பாதிச்சார். படிச்சவங்க ஏன் எல்லாரும் பணக்காரங்களா இல்ல?"

மாமா எந்த வருடம் வாங்கினார், அதே காலத்தில் செம்டெக்ஸ் எவ்வளவு ஏறியது, ஒரே பங்கில் எவ்வளவு போட்டார் என்று கேளுங்கள். சந்தையே ஏறியபோது எல்லாருக்கும் கிடைத்ததைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பாடத்தில் வரும் ஆல்ஃபா. பெரும்பாலான மாமாக்களுக்கு மிச்சம் கொஞ்சம்தான். நஷ்டப்பட்ட மாமாக்கள் பந்தியில் வாயைத் திறப்பதில்லை.

படித்தவர்களுக்கும் சிறப்பு விலக்கு இல்லை. 1997-ல் நோபல் பரிசு பெற்ற ஷோல்ஸ், மெர்டன் இருவரும் பங்குதாரர்களாக இருந்த எல்டிசிஎம் என்ற அமெரிக்க முதலீட்டு ஃபண்ட், மறு வருடமே கவிழ்ந்தது. அளவுக்கு மீறிய கடனில் முதலீடு செய்திருந்தார்கள். கணக்கு பலிக்கும்வரை காத்திருக்கக் கடன் விடவில்லை.

"என் மாடல் ஒரு விலை சொல்லுது, சந்தையில வேற விலை. எதை நம்புறது?"

தினமும் லட்சக்கணக்கில் கைமாறும் பங்கு என்றால் முதலில் உங்கள் மாடலைச் சந்தேகப்படுங்கள். கைமாறாத பங்கு என்றால் சந்தை விலையின் தேதியைப் பாருங்கள்: கடைசி வணிகம் எப்போது, எத்தனை பங்கு. மூன்று வாரத்துக்கு முன் நூறு பங்கு கைமாறிய விலையை இன்றைய விலை என்று சொல்ல முடியாது.

பிறகு கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மேலே சொன்ன 10 ரூபாய் டிவிடெண்ட் பங்கு சந்தையில் 125 ரூபாய்க்குப் போகிறது என்றால், வாங்குபவர் எதிர்பார்ப்பது 8 சதவீதம். அதாவது அவர் மனதில் இருக்கும் பீட்டா 0.67. டிவிடெண்ட் கொஞ்சம் வளரும் என்று அவர் நம்பினால் அந்த பீட்டா இன்னும் மேலே போகும். இப்போது 0.67 நியாயமா, 0.9 நியாயமா, டிவிடெண்ட் வளருமா என்று வாதாடலாம். தேர்வுத் தாளில் மதிப்பெண் கிடைப்பதும் இந்த வாதத்துக்குத்தான், 106 என்ற விடைக்கு ஒன்றோ இரண்டோ.